கோடையில் டோக்கியோ ஜப்பானியத் தோட்டங்கள்: எங்கே போவது, எத்தனை மணிக்கு, எங்கே உட்காருவது

ஜூலை 6, இரவு 9.10 | மூணாம்மாடி

அமைதி, அமைதின்னு எல்லா வழிகாட்டியும் எழுதுது. கொயிஷிகவா கோராக்குயென் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எப்படி இருக்கும்னு எவரும் எழுதலை. மதிலுக்கு அந்தப் பக்கம் டோக்கியோ டோம் பேஸ்பால் மைதானத்தை ஒட்டின ரோலர் கோஸ்டர் அலறல், தலைக்கு மேல 35 டிகிரி, உள்ளே ஒரு பூ கிடையாது, எங்கே திரும்பினாலும் ஒரே பச்சை. ஜூலை, ஆகஸ்டில் இதைப் பார்க்க யாராவது போவாங்களா? நிஷி-கசாயிலிருந்து கிளம்பணும். மாமியாருக்கு 68, பையனுக்கு 5. போகலாம்னா எங்கே, எப்படின்னு சொல்லுங்க. இல்லேன்னா ஏசி மால்தான்.

ஜூலை 6, இரவு 10.45 | பாசிக்கல்

ஒரு மணிக்குப் போனால் எந்தத் தோட்டமும் அப்படித்தான் இருக்கும். தோட்டம் சரி, நேரம்தான் தப்பு.

டோக்கியோ மாநகர அரசின் தோட்டங்கள் காலை 9-க்குத் திறக்கும், மாலை 5-க்கு மூடும், கடைசி நுழைவு 4.30. கோடையில் இதில் உருப்படியான நேரம் 9 முதல் 10.30 வரை, அப்புறம் 3.45-க்கு மேல். நடுவில் உள்ளது புகைப்படப் பட்டியலை டிக் அடிப்பவர்களுக்கு.

மாலையைவிடக் காலை மேல். கல், சரளை, கான்கிரீட் எல்லாம் மதியம் முழுக்க வாங்கிய சூட்டை மாலை 5 வரை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றின் வெப்பநிலை இறங்கினாலும் முட்டிக்குக் கீழே சூடு இறங்காது. அஞ்சு வயசுப் பையனின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீட்டிலிருந்து 9-க்குக் கிளம்புவது வேறு, வாசலில் 8.55-க்கு நிற்பது வேறு. நான் சொல்வது இரண்டாவது. தோசாய் லைனில் நிஷி-கசாயிலிருந்து இடாபாஷி மாறாமல் சுமார் 25 நிமிடம், அங்கிருந்து கோராக்குயென் மேற்கு வாசல் நடையில் 8 நிமிடம்.

ஜூலை 6, இரவு 11.02 | பாசிக்கல்

அலறல் பற்றி: அது உண்மை. ரோலர் கோஸ்டர் மதிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. காலை 9-க்கு அது ஓடாது, பத்து மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும். இன்னொரு தொல்லை பேஸ்பால். சனி, ஞாயிறில் டோக்கியோ டோமில் பகல் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் 2 மணிக்குத் தொடங்கும். 12-லிருந்தே சுயிடோபாஷி நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆட்ட அட்டவணையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நாள் குறிக்காதீர்கள்.

ஜூலை 7, காலை 7.20 | தயிர்சாதம்

சென்னை கத்திரி வெயிலைப் பார்த்தவங்களுக்கு இந்த 35 எல்லாம் ஒரு வெயிலாண்ணே? குடை எடுத்துட்டுப் போனா முடிஞ்சது.

ஜூலை 7, காலை 8.05 | பாசிக்கல்

இந்த நினைப்பில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், இங்கே ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தினமும் போடும் வெப்பக் குறியீட்டைப் பாருங்கள். வெயிலில் அதைக் கணக்கிடும்போது ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயில் சூட்டை வாங்கும் கரும்பந்து வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. அதாவது அதில் முக்கால்வாசி ஈரப்பதம்தான். நாம் பேசும் 35 அதில் பத்தில் ஒரு பங்கு.

28-ஐத் தாண்டினால் கடும் எச்சரிக்கை, 31-ஐத் தாண்டினால் ஆபத்து. 33 வரும் என்று கணித்தால் வெப்பவாத எச்சரிக்கை விடுவார்கள். முந்தைய நாள் மாலை 5-க்கும் அன்று காலை 5-க்கும் அறிவிப்பு வரும். வெள்ளி மாலை 5-க்கு எச்சரிக்கை வந்துவிட்டால் சனிக்கிழமை மாமியாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம், கோராக்குயென் 1629-லிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

குடை வேண்டும்தான். ஆனால் ஒற்றையடிப் பாதையிலும் கல்பாலத்திலும் மடக்க வேண்டியிருக்கும், எதிரே வருபவர் கண்ணில் கம்பி குத்தும். தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 500 மில்லி பாட்டில் இரண்டு. குப்பைத்தொட்டியை நம்பாதீர்கள், காலி பாட்டிலை வீட்டுக்குத் தூக்கி வர ஒரு பை வையுங்கள்.

ஜூலை 7, இரவு 9.30 | மூணாம்மாடி

நேரம் புரிஞ்சுது. ஆனா எந்தத் தோட்டம்? ஒன்பது இருக்குன்னு போட்டிருக்கான். ஒன்பதும் ஒண்ணு மாதிரியே தெரியுது.

ஜூலை 7, இரவு 11.40 | பாசிக்கல்

ஒன்று மாதிரி இல்லவே இல்லை. கோடைக்கு இரண்டே கேள்விதான்: நிழல் எங்கே, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா. அந்த இரண்டையும் வைத்து, நிஷி-கசாயிலிருந்து போகும் வழியோடு சொல்கிறேன்.

கியோசுமி. மொன்சென்-நகாச்சோவில் ஓஎடோ லைன் மாறி ஒரே நிலையம், கியோசுமி-ஷிராகவா, A3 வாசலிலிருந்து 3 நிமிடம். 150 யென். மிட்சுபிஷியின் இவாசாகி குடும்பம் தன் கப்பல்களில் நாடெங்கிலுமிருந்து கல் கொண்டுவந்து இறக்கிய தோட்டம், கல் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் டோக்கியோவில் இல்லை. நடுவில் பெரிய குளம், சுற்றி நடை. சிக்கல் என்னவென்றால் குளம் திறந்தவெளி. 10 மணிக்கு மேல் கரை முழுக்க வெயில். ஒரு காலத்தில் சுமிதா ஆற்று நீர் ஏறி இறங்கிய குளம், இப்போது மழைநீர்தான், அதனால் ஆகஸ்டில் நீர் பச்சை பிடித்திருக்கும். காலை 9 முதல் 10 வரை மட்டும்.

ஹாமா-ரிக்யூ. அதே ஓஎடோ லைனில் ஷியோடோமே, அங்கிருந்து 7 நிமிடம். 300 யென். 25 ஹெக்டேர், அவ்வளவும் நடை. நடுவில் உள்ள குளம் கடல்நீர், மதகு வைத்து அலை ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நீரை விடுகிறார்கள். பையனுக்குப் பிடிக்கும், கரைக் கல்லில் நண்டு ஓடும். ஆனால் கோடையில் இது கடைசித் தேர்வு. பூவயல் பக்கம் ஒரு நிழல் கிடையாது, ஷியோடோமே கோபுரங்கள் வேறு பின்னால் நிற்கின்றன.

கொயிஷிகவா கோராக்குயென். 300 யென். மரம் அடர்த்தி, நிழல் தாராளம். பாதை பல இடத்தில் உருண்டைக் கல் பதித்தது, மேடு பள்ளம். தள்ளுவண்டி சக்கரம் சிக்கும், முட்டிவலிக்காரர்கள் திட்டுவார்கள்.

ரிகுகியென். இடாபாஷியில் நம்போகு லைன் மாறி கொமகொமே. 300 யென். 1702-இல் யனகிசவா யோஷியசு என்ற பிரபு கட்டியது. பாதை அகலம், மண் தரை, முக்கால் சுற்று மர நிழலில். பெரியவர்களோடு போக எனக்கு இதுதான் முதல் தேர்வு.

கியூ-ஃபுருகவா. நம்போகு லைனில் கொமகொமேவுக்கு அடுத்த நிலையம், நிஷிகஹாரா. 150 யென். மேலே ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் ஜோசையா கான்டர் கட்டிய கல்வீடும் ரோஜாவும், கீழே பள்ளத்தில் ஜப்பானியத் தோட்டம். ஜூலையில் ரோஜாவை மறந்துவிட்டு நேராகக் கீழே இறங்குங்கள். பள்ளமும் மரமும் சேர்ந்து மேல்தளத்தைவிடத் தெளிவாகக் குளிர்ச்சி.

தொனொகயாதோ பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

ஜூலை 8, காலை 6.50 | கேமராக்கண்

கோராக்குயென்ல பூ இல்லைன்னு யார் சொன்னது? ஐரிஸ் வயல் இருக்கே!

ஜூலை 8, காலை 7.15 | பாசிக்கல்

அது ஜூன் முதல் பாதி. இப்போது போனால் வெறும் இலைக்கத்திதான். ஜூலையில் அங்கே பார்க்க வேண்டியது உள்தோட்டக் குளத்து அல்லி, காலையில் விரிந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் சாருசுபெரி மரம், அந்த வழவழ பட்டை மரம், வெயில் ஏற ஏறப் பூக்கும். வயலில் நெல் பச்சையாக நிற்கும். அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் மே மாதம் நட்டது, செப்டம்பரில் அவர்களே அறுப்பார்கள். பையனுக்குக் காட்ட நல்ல இடம்.

பூ வேண்டும் என்று அடம்பிடித்தால் உவெனோவில் ஷினொபாசு குளத்துத் தாமரை. அது ஜப்பானியத் தோட்டம் இல்லை, ஆனால் காசும் இல்லை. தாமரைப் பூ ஒன்றுக்கு நான்கு நாள் ஆயுசு. முதல் மூன்று நாளும் விடியலில் விரிந்து உச்சிக்குள் மூடும், நான்காம் நாள் இதழ் உதிரும். 7-லிருந்து 9-க்குள் போனால்தான் பூ. பதினொன்றுக்குப் போனால் மொட்டைப் பார்த்துவிட்டு ‘இன்னும் பூக்கலை போல’ என்று திரும்பி வருவீர்கள்.

ஜூலை 9, இரவு 10.20 | பாசிக்கல்

ஒரே பச்சை என்ற புகாருக்கு வருகிறேன். அந்தப் பச்சையில் என்ன பார்ப்பது என்று தெரிந்தால் சலிக்காது.

முதலில் பாசி. உச்சிவெயிலில் பழுப்பாக, மெலிந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சுகிகோகே என்ற வகை, உயரமாக, சின்னச் சின்ன ஊசி நட்டது மாதிரி நிற்பது, காய்ந்தால் இலைகளைத் தண்டோடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். ஒரு சொட்டு நீர் பட்டால் சில நிமிடத்தில் கண்ணெதிரே விரியும். பாசிக்கு வேர் நீர் உறிஞ்சுவதில்லை, இலையே உறிஞ்சுகிறது. அதனால்தான் தோட்டக்காரர்கள் மதியம் நீர் தெளிக்க மாட்டார்கள். இலைமேல் நிற்கும் நீர் வெயிலில் சூடேறிப் பாசியை அவித்துவிடும். விடியலிலோ பொழுது சாய்ந்தோதான் தெளிப்பு. பாசியை அதன் அழகில் பார்க்க மழைக்காலமே சரி, ஜூன் முதல் ஜூலை நடு வரை. மழை பெய்து ஓய்ந்த காலை கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து பைன். ஏப்ரல், மே மாதத்தில் புதுத் துளிர்களைக் கையால் கிள்ளிவிடுவார்கள். இலையுதிர்காலத்திலிருந்து குளிர்காலம் வரை பழைய ஊசியிலைகளைக் கையாலேயே உருவி எடுப்பார்கள். ஜூலை இரண்டுக்கும் நடுவில். அதனால் பைன் கொஞ்சம் பரட்டையாகத்தான் இருக்கும். படத்தில் பார்த்த பைன் எல்லாம் டிசம்பர் பைன்.

மூன்றாவது கால் வைக்கும் கல். இது நீளும், நாளைக்கு.

ஜூலை 10, இரவு 9.55 | பாசிக்கல்

பாதைக் கல் சும்மா பதித்ததில்லை. கல் சின்னதாக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால் நீங்கள் குனிந்து காலைப் பார்த்தே நடப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. அப்படி நடந்து வரும்போது திடீரென்று ஒரு பெரிய, தட்டையான கல் வரும், பெரும்பாலும் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில். அங்கே நில்லுங்கள், தலையைத் தூக்குங்கள். அதுவரை மறைத்து வைத்திருந்த காட்சி அங்கேதான் இருக்கும், குளமோ கல்விளக்கோ அருவியோ. நாம் என்ன செய்கிறோம்? அந்தக் கல்லைத் தாண்டிப்போய்ப் பாலத்தில் செல்ஃபி எடுக்கிறோம்.

தேநீர்ச் சடங்கு ஆசான்களிடையே இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. ஆசான் ரிக்யூவின் கட்சி நடை ஆறு பங்கு, காட்சி நான்கு பங்கு. ஆசான் ஒரிபேயின் கட்சி நேர் எதிர், நடை நான்கு, காட்சி ஆறு. கியோசுமி குளக்கரைத் தாண்டுகற்களில் நடந்தால் இதில் எந்தக் கட்சியும் தேவைப்படாது. கல் ஒவ்வொன்றும் அகலம், நிமிர்ந்தே நடக்கலாம், கெண்டை மீன் காலடிக்கு வரும். ஆனால் கைப்பிடி கிடையாது. மழை நாளில் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பையன் கையை விடாதீர்கள்.

நடுப்பாதையில் கறுப்புக் கயிறு குறுக்காகக் கட்டிய உருண்டைக் கல் கிடந்தால் அதற்கு அப்பால் போகக் கூடாது. கதவு கிடையாது, பலகை கிடையாது, அந்தக் கல்தான் கதவு. பையன் அதைத் தூக்கிப் பார்க்க ஆசைப்படுவான்.

ஜூலை 11, காலை 7.05 | தயிர்சாதம்

கெண்டைக்குப் பிரெட் போடலாமாண்ணே? வாயைத் திறந்து திறந்து மூடுது, பாவமா இருக்கு.

ஜூலை 11, காலை 7.40 | பாசிக்கல்

போடாதீர்கள். அது பசி இல்லை, மூச்சு. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ராத்திரி முழுக்க நீர்ப்பாசியும் சேர்ந்து மூச்சுவிடுவதால் விடியற்காலையில் இன்னும் குறையும். அதனால்தான் கோடைக் காலையில் மேலே வந்து வாயைத் திறக்கிறது. பிரெட் போட்டால் நீர் கெட்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆமையும் அங்கேதான் வெயில் காயும். கியோசுமியில் கண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை உள்ளது நிறைய, எல்லாம் வீட்டில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட இனம். 2023 ஜூன் முதல் அதை வெளியில் விடுவது சட்டப்படி குற்றம்.

ஜூலை 12, மாலை 6.15 | மூணாம்மாடி

கொசு? மாமியார் அதைத்தான் முதல்ல கேட்கிறாங்க.

ஜூலை 12, இரவு 8.50 | பாசிக்கல்

சரியான கேள்வி. இங்கே கடிப்பது வரிக்கொசு, பகலில்தான் கடிக்கும், நிழலிலும் புதரிலும்தான் இருக்கும். அதாவது நான் எங்கே உட்காரச் சொல்கிறேனோ அங்கே. 2014-இல் யோயோகி பூங்காவில் தொடங்கி டெங்கு பரவியது இதே கொசுவால்.

மருந்துக் கடையில் டீட், இகாரிடின் என்று இரண்டு வகைக் கொசு விரட்டி கிடைக்கும். டீட் 30 சதவீதம் 12 வயதுக்கு மேல்தான். டீட் 12 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் 2 முதல் 12 வயதுக்காரர்களுக்கு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை வரை. இகாரிடின் 15 சதவீதத்துக்கு வயது வரம்பு இல்லை, முறைக் கணக்கும் இல்லை. வீட்டுக்கு ஒரே பாட்டில் என்றால் இதை வாங்குங்கள். பையனுக்கு உங்கள் கையில் அடித்து அதைத் தடவிவிடுங்கள், முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் கொசு மருந்து. மாற்றிப் போட்டால் மருந்து அடியில் போய்விடும். கணுக்காலையும் காதுக்குப் பின்னாலும் மறக்காதீர்கள்.

வெளிர் நிற முழுக்கால்சட்டை. மூங்கில்புல் ஒட்டிய பெஞ்சைத் தவிருங்கள். காற்று வரும் பெஞ்சைத் தேடுங்கள், இந்தக் கொசு பறப்பதில் சோப்ளாங்கி.

ஜூலை 13, காலை 10.30 | கேமராக்கண்

குளத்துப் படம் எல்லாம் வெளிறிப் போகுது. போலரைசர் ஃபில்டர் மாட்டினா பிரதிபலிப்பே காணோம். என்ன பண்றது?

ஜூலை 13, காலை 11.10 | பாசிக்கல்

முழுக்கத் திருப்பாமல் பாதி திருப்புங்கள். இலைமேல் உள்ள பளபளப்பு போகும், நீரில் மரம் மிச்சம் இருக்கும். ஒன்பதரை மணிக்கு வெயில் சாய்ந்து வரும்போது எடுங்கள், உச்சியில் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. மழை மறுநாள் கல் நனைந்திருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், ஈரக் கல்லின் பளபளப்பு அதில் செத்துப்போகும். கேமரா முக்காலி நிறுத்த விட மாட்டார்கள்.

ஜூலை 15, இரவு 10.00 | பாசிக்கல்

ரிகுகியெனில் எங்கே உட்காருவது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள்.

டிக்கெட் வாங்கி உள்வாசல் தாண்டினால் புகழ்பெற்ற தொங்குசெர்ரி மரம். ஜூலையில் அது வெறும் மரம், நிற்க வேண்டாம். தகிமி-நோ-சயா என்று போட்டிருக்கும் கூரைக்கொட்டகைக்கு நேராகப் போங்கள். சின்ன அருவி பாறையில் விழுந்து பிரிந்து போவது கைக்கெட்டும் தூரத்தில். காலையில் நல்ல நிழல். நீர்ச்சத்தம் மற்ற பேச்சை எல்லாம் மூடிவிடும். 9 மணிக்கு முதலாவதாகப் போனால் இருபது நிமிடமாவது தனியாகக் கிடைக்கும். அது நிறைந்திருந்தால் சுட்சுஜி-நோ-சயா. மெய்ஜி காலத்தில் அசேலியா மரக்கட்டையில் கட்டியது, போர்க்காலத் தீயில் தப்பியது. வளைந்து நெளிந்த தூண்களை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஃபுஜிஷிரோ மேடு 35 மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கடல் மட்டத்திலிருந்து. ஏறுவது கொஞ்சம் படிதான். மாமியார் கீழேயே இருக்கலாம்.

நடந்து முடித்தபின் ஃபுகியாகே தேநீர்க்கடையில் குளிர் மச்சா, அதாவது பொடித்த பச்சைத் தேநீர். கூட வரும் இனிப்பை முதலில் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தேநீர், நம் பழக்கத்தில் கடித்துக்கொண்டே குடித்தால் இரண்டின் ருசியும் போகும். சைவர்களுக்கு: கோடையில் வரும் கண்ணாடி மாதிரி ஜெல்லி இனிப்பு பெரும்பாலும் கான்டென், கடற்பாசி. வழக்கமான உருண்டை வெள்ளைப் பயறு விழுது. ஆனாலும் ஜெலட்டின் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜூலை 16, காலை 7.30 | தயிர்சாதம்

சாப்பாடு கட்டிட்டுப் போலாமா? என் பேரிலேயே கேள்வி இருக்கு.

ஜூலை 16, காலை 7.50 | பாசிக்கல்

தயிர்சாதம் வேண்டாம், 11 மணிக்குள் புளித்துவிடும். புளியோதரை தாங்கும். தோட்டத்துக்குள் பிரித்துப் பரப்ப ஹாமா-ரிக்யூ புல்வெளி பரவாயில்லை. கியோசுமி போனால் வெளியே வந்து ஒட்டினாற்போல் இருக்கும் கியோசுமி பூங்காவில் சாப்பிடுங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, மர நிழல் உண்டு, கழிவறை உண்டு, பையன் ஓடலாம். தோட்டத்தில் ஓட விட முடியாது, பந்தும் கூடாது. இந்த இரண்டு இடமும் அடுத்தடுத்து இருப்பதுதான் சின்னப் பிள்ளைக்காரர்களுக்கு கியோசுமியின் பெரிய வசதி. இதை முதல் பட்டியலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 19, இரவு 9.15 | வாடைக்காற்று

கியோட்டோவிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்டில் இங்கே வந்து தோட்டம் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று வரி. இது கிண்ணம் மாதிரி மலைக்கு நடுவில் கிடக்கும் ஊர், காற்று நகராது. ஷுககுயின் அரண்மனைத் தோட்டச் சுற்று 3 கிலோமீட்டர், 80 நிமிடம், வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும், நடுவில் கழன்றுகொள்ள முடியாது, நிழல் குறைவு, மேடு அதிகம். கட்சுரா அரண்மனைத் தோட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. சைஹோஜி பாசிக்கோயிலுக்கு முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

கோடைக்கு உட்கார்ந்து பார்க்கும் தோட்டங்களே சரி. ஷிசென்-தோ: 1641-இல் கவிஞர் இஷிகவா ஜோசான் கட்டியது, பாயில் உட்கார்ந்தபடி மூங்கில் குழாய் கல்லில் தட்டுவதைக் கேட்கலாம். முரின்-ஆன்: முன்னாள் பிரதமர் யமகதா அரிதொமோவின் வீடு, தோட்டம் போட்டவர் தோட்டக்கலைஞர் ஏழாம் ஒகவா ஜிஹேய். பிவா ஏரிக் கால்வாய் நீர் புல்வெளி நடுவே ஆழமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜூலை 19, இரவு 10.05 | பாசிக்கல்

அதே ஜிஹேய்தான் நான் மேலே சொன்ன கியூ-ஃபுருகவாவின் கீழ்த்தோட்டத்தையும் போட்டவர். கியோட்டோ போக முடியாதவர்கள் 150 யென்னில் அவர் கையைப் பார்க்கலாம். கரைவரை வந்து நிற்கும் பெரிய யுகிமி கல்விளக்கையும், நீரே இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் காட்டிய அருவியையும் விடாதீர்கள்.

ஜூலை 20, காலை 9.40 | பாசிக்கல்

பாக்கி இருந்த தொனொகயாதோ. டோக்கியோவின் கோடைத் தோட்டம் எது என்று கேட்டால் என் பதில் இதுதான். சொன்னால் தூரம் என்பார்கள்.

தோசாய் லைனில் நகானோ வரை, அங்கே சூவோ ராப்பிட் மாறி கொகுபுன்ஜி. சுமார் ஒரு மணி நேரம், முழுக்க ஏசியில், நிலையத்தின் தெற்கு வாசலிலிருந்து 2 நிமிட நடை. கணக்குப் போட்டால் வெயிலில் நடக்கும் தூரம் ஒன்பது தோட்டங்களிலேயே குறைந்த கூட்டத்தில் சேரும். 150 யென்.

கொகுபுன்ஜி மேட்டு விளிம்பில், சரிவில் அமைந்த தோட்டம். மேட்டில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, சரிவின் அடியில் ஊற்றாக வெளியேறிக் குளத்தில் சேர்கிறது. நிலத்தடியிலிருந்து வருவதால் கோடையிலும் நீர் சில்லென்று இருக்கும். கியோசுமிக் குளம் மாதிரி நின்று பச்சை பிடிப்பதில்லை. சரிவு முழுக்கப் பெருமரம், ஒரு பக்கம் மூங்கில் தோப்பு. மேலே கோயோதெய் என்ற மண்டபம், அதன் பக்கத்தில் கல்லில் தட்டும் மூங்கில் குழாய், அங்கிருந்து கீழே குளம் தெரியும்.

குறை: சரிவில் படி இறங்க வேண்டும், ஈரத்தில் வழுக்கும். கொசு மற்ற எட்டிலும் உள்ளதைவிட அதிகம், மூங்கிலும் ஊற்றும் இருந்தால் அப்படித்தான்.

ஜூலை 22, இரவு 8.30 | மூணாம்மாடி

மாமியாருக்குப் படி ஆகாது. அப்போ கொகுபுன்ஜியா, ரிகுகியெனா? அப்புறம் வருஷ பாஸ் ஏதோ இருக்காமே, அது லாபமா?

ஜூலை 22, இரவு 9.20 | பாசிக்கல்

ஒன்பது தோட்டத்துக்கும் சேர்ந்த ஆண்டுப் பாஸ் 4,000 யென். 300 யென் தோட்டமாகவே போனாலும் பதினான்காவது முறையில்தான் லாபம். உங்களுக்கு வேண்டாம். மாமியாருக்கு 65 தாண்டிவிட்டது, 300 யென் டிக்கெட் 150, 150 யென் டிக்கெட் 70. வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பையனுக்கு இலவசம். கிளம்பும் முன் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்: மாமியார் வருகிறார் என்றால் ரிகுகியென். கொகுபுன்ஜியை முற்றாகத் தள்ளவும் வேண்டாம், கோயோதெய் மேல்தளத்தில்தான் இருக்கிறது. படி இறங்காமலே உட்கார்ந்து பார்க்கலாம், பையனை யாராவது ஒருவர் கீழே ஊற்றுக்குக் கூட்டிப்போகலாம்.

ஜூலை 24, இரவு 10.10 | பாசிக்கல்

ரிகுகியென் என்று முடிவானால் ஒன்று. கொமகொமேயில் இறங்கியதும் பக்கத்திலேயே சோமேய் வாசல் என்று வரைபடம் காட்டும். அது செர்ரி, இலையுதிர் சீசனில் மட்டும் திறப்பது. கோடையில் பூட்டியிருக்கும். மதிலைச் சுற்றி முன்வாசலுக்கு 7 நிமிடம், வெயிலில். 8.45-க்கு நிலையத்தில் இறங்குங்கள்.